மூக்கில் வைக்கும் பஞ்சு, இதயத்தில் சுருங்கும் தமனி

மலேசியச் சட்டத்தில் கொகெய்னுக்கு 40 கிராம் என்று ஓர் எல்லை உண்டு. அந்த அளவோ அதற்கு மேலோ ஒருவரிடம் பிடிபட்டால், அவர் கடத்தல்காரர் என்றே 1952-ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டம் அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு அவர் தலையில் விழுகிறது. மரண தண்டனை கட்டாயம் என்ற நிலை 2023 ஜூலை 4 முதல் நீங்கியிருந்தாலும், மரண தண்டனை முழுதாக நீங்கிவிடவில்லை. கிள்ளான் துறைமுகத்தை அடுத்து வாழும் காப்பார் மக்களுக்குக் கொகெய்ன் என்றால் நாளிதழில் வரும் பறிமுதல் செய்தி, அதற்கடுத்து நீதிமன்றச் செய்தி.

அதே பொருளுக்கு இன்னோர் அளவும் உண்டு: 160 மில்லிகிராம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017 டிசம்பரிலும் 2020 ஜனவரியிலும் இரண்டு கொகெய்ன் கரைசல்களுக்கு ஒப்புதல் அளித்தது. இரண்டும் மூக்கின் உட்புறத்தில் செய்யும் சிகிச்சைகளுக்காக, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்பவை. பெரியவர் ஒருவருக்குப் பஞ்சில் நனைத்து மூக்கினுள் வைக்கும் மொத்தக் கொகெய்னின் அளவுதான் இந்த 160 மில்லிகிராம். சட்டத்தின் 40 கிராமுக்குள் இப்படி 250 நோயாளிகளுக்கான மருந்து அடங்கும்.

இத்தனை மரப்பு மருந்துகள் வந்த பிறகும் இதை ஏன் இன்னும் சில மருத்துவர்கள் கைவிடவில்லை? கைவிடாததால் நோயாளிக்கு என்ன ஆபத்து? இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. கொகெய்ன் மருந்தாக வேலை செய்வதும் மனிதரைக் கொல்வதும் ஒரே செயலால்தான். அதைப் புரிந்துகொள்ள நூற்று நாற்பது ஆண்டுகள் பின்னால் போய், கண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னையில் 1819-இல் தொடங்கி, இன்று எழும்பூரில் இயங்கும் அரசு கண் மருத்துவமனை உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. அதன் முதல் அறுபது எழுபது ஆண்டுகளில் அங்கே கண்புரை நீக்க வந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தோலை அறுக்கும்போது நோயாளி கொஞ்சம் துடித்தால் பிடித்துக்கொள்ள ஆள் இருப்பார்கள். கண் அப்படிப்பட்டதன்று. கருவிழி ஓரத்தில் கத்தி இறங்கியிருக்கும்போது இமை இறுகினாலும் போதும், உள்ளிருக்கும் கூழ் வெளியே பிதுங்கிப் பார்வை போய்விடும். குளோரோஃபார்ம் கொடுத்து மயக்கலாம். ஆனால் மயக்கம் தெளியும்போது வாந்தி வரும். தையல் போடாத கண், வாந்தியின் அழுத்தத்தைத் தாங்காது. போதாக்குறைக்குக் குளோரோஃபார்மே சிலரைக் கொன்றது. அது எப்படிக் கொல்கிறது என்று ஆராய 1888-இலும் 1889-இலும் ஹைதராபாத்தில் இரண்டு ஆணையங்கள் அமைந்தன.

ஊர் ஊராகப் போய்க் கண்புரையை ஊசியால் உள்ளே தள்ளிவிடும் வைத்தியர்களிடம் மக்கள் ஏன் போனார்கள் என்பதும் இதிலிருந்து புரியும். கத்தியால் திறக்காமல், சில நிமிடங்களில் முடித்து, காசு வாங்கிக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள். சில நாள் பார்வை தெரியும், பிறகு பலருக்குக் கண் அழுகும். பல நூற்றாண்டுகளாக நடந்துவந்த இந்தப் பழக்கத்தின் விளைவுகளை 1904 முதல் எழும்பூர் மருத்துவமனையை நடத்திய ராபர்ட் ஹென்றி எலியட் விரிவாக ஆராய்ந்து தனி நூலே எழுதினார். அவருடைய காலத்துக்குள் கண் அறுவை சிகிச்சையின் முகமே மாறிவிட்டிருந்தது. மாற்றியது கொகெய்ன்.

கோகா இலையிலிருந்து கொகெய்னை 1860 வாக்கில் தனியாகப் பிரித்தவர் ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் நீமன். நாக்கில் வைத்தால் மரத்துப்போகிறது என்று அவரே குறித்திருந்தார். கால் நூற்றாண்டு காலம் அந்தக் குறிப்பை அறுவை மருத்துவர் எவரும் கையில் எடுக்கவில்லை. 1884 ஜூலையில் வியன்னாவின் இளம் மருத்துவர் சிக்மண்ட் பிராய்டு கோகாவைப் புகழ்ந்து கட்டுரை எழுதினார். சோர்வுக்கும் மார்ஃபின் பழக்கத்துக்கும் அது மருந்தாகும் என்பது அவர் நம்பிக்கை. மார்ஃபினுக்கு அடிமையாகியிருந்த தம் நண்பருக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார். நண்பர் இரண்டுக்கும் அடிமையானார்.

பிராய்டின் சக மருத்துவர் கார்ல் கோலர், கண் மருத்துவராக விரும்பியவர். கண்ணை மட்டும் மரக்கச் செய்யும் மருந்தொன்றை அவர் முன்பே தேடிக்கொண்டிருந்தார். கொகெய்ன் நாக்கை மரக்கச் செய்வதை உணர்ந்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் போய் ஒரு தவளையின் கண்ணில் கரைசலை விட்டார். ஒரு நிமிடத்தில் தவளை தன் கருவிழியைத் தொட அனுமதித்தது. அடுத்து முயல், நாய். அடுத்துத் தம் கண்ணிலும் தோழர் கண்ணிலும் விட்டு, குண்டூசித் தலையால் கருவிழியை அழுத்திப் பார்த்தார்கள். வலி இல்லை. 1884 செப்டம்பர் 15 அன்று ஹைடல்பர்க் கண் மருத்துவர் மாநாட்டில் இந்தச் செய்தி படிக்கப்பட்டது. ரயில் கட்டணத்துக்குப் பணமில்லாததால் கோலர் போகவில்லை. வேறொரு மருத்துவர் அவர் குறிப்பைப் படித்துச் செய்துகாட்டினார். சில மாதங்களுக்குள் உலகின் கண் மருத்துவமனைகள் இதைக் கையில் எடுத்தன. கண் திறந்தபடி, நினைவோடு, சொன்ன பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டு நோயாளி படுத்திருக்க, புரையை எடுக்க முடிந்தது.

கொகெய்ன் செய்யும் வேலைகள் இரண்டு. நரம்பில் வலிச் செய்தி ஓடுவதற்கு, நரம்பிழையின் சுவரிலுள்ள நுண்ணிய வாயில்கள் வழியே சோடியம் உள்ளே பாய வேண்டும். கொகெய்ன் அந்த வாயில்களை அடைக்கிறது. செய்தி நின்றுவிடுகிறது, வலி மூளைக்கு எட்டுவதில்லை. இது முதல் வேலை. பிற்காலத்தில் வந்த எல்லா மரப்பு மருந்துகளும் இந்த வேலையைச் செய்கின்றன.

இரண்டாவது வேலைதான் கொகெய்னுக்கே உரியது. நரம்பு முனைகள் நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, வேலை முடிந்ததும் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். கொகெய்ன் அந்தத் திரும்ப உறிஞ்சலைத் தடுக்கிறது. நோரட்ரினலின் தேங்கி, இரத்தக் குழாய்களைச் சுருக்கிக்கொண்டே இருக்கும். மூக்கினுள் இந்தச் சுருக்கம் பெரிய வரம். மூக்கின் உட்சவ்வு முழுக்க இரத்தக் குழாய்கள். சிறு கீறலுக்கும் குருதி பெருகி மருத்துவரின் பார்வையை மறைக்கும். கொகெய்ன் நனைத்த பஞ்சை வைத்தால் சவ்வு வெளுத்துச் சுருங்கி, இடம் விரிந்து, இரத்தம் குறைந்து, வலியும் இல்லாமல் போகிறது. ஒரே மருந்தில் மூன்று பலன்.

மூக்கில் சுருங்கும் அதே குழாய் இதயத்திலும் இருக்கிறது.

முதல் பத்தாண்டிலேயே மருத்துவ உலகம் கொகெய்னுக்கு விலை கொடுத்தது. 1884 முதல் 1891 வரை மட்டும் கொகெய்ன் நச்சுத்தன்மை 200 பேரிடம் பதிவானது, 13 பேர் இறந்தார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் அறுவை மருத்துவர் கொலோம்னின் 1886-இல் ஒரு பெண்ணின் மலக்குடலில் ஏறத்தாழ ஒன்றரை கிராம் கொகெய்ன் செலுத்தினார். அந்தப் பெண் இறந்தார். மருத்துவர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார். நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கொகெய்னை நரம்பின் அருகிலேயே ஊசியால் செலுத்தி, தாடை முழுவதையும் மரக்கச் செய்யலாம் என்று காட்டினார். இன்று பல் மருத்துவர் கீழ்த்தாடைக்குப் போடும் ஊசிக்கு அதுவே மூலம். சோதனைகளைத் தம் மேலும் தம் கூட்டாளிகள் மேலும் செய்துகொண்ட ஹால்ஸ்டெட் கொகெய்னுக்கு அடிமையானார். அதிலிருந்து மீட்க மார்ஃபின் கொடுத்தார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவே இல்லை. பின்னாளில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் பெரும் அறுவை மருத்துவரானவர் அவர். ஜெர்மனியின் கீல் நகரில் அவுகுஸ்ட் பீர் 1898 ஆகஸ்டில் முதுகெலும்புக்குள் கொகெய்ன் செலுத்தி இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார். பிரசவ அறுவையில் நம் பெண்கள் முதுகில் வாங்கும் ஊசி அந்தச் சோதனையில் தொடங்கியது.

கண்ணிலும் குறை தெரிந்தது. கொகெய்ன் விட்ட கருவிழி காய்ந்து, மேல்தோல் தளர்ந்து, மங்கிப் புண்ணானது. வலி தெரியாததால் நோயாளி இமைக்கவும் மறந்துபோவார். கோலர் எந்த உறுப்புக்காகக் கண்டுபிடித்தாரோ அந்த உறுப்பிலிருந்தே இருபதாம் நூற்றாண்டில் கொகெய்ன் மெல்ல விலகியது.

மருத்துவமனைக்கு வெளியே நடந்ததும் நம்மைத் தொட்ட கதை. கிள்ளான் வட்டாரத்தில் தமிழர்கள் காடழித்து ரப்பர் நட்ட அதே ஆண்டுகளில், நீரிணைக்கு அப்பால் ஜாவாவில் டச்சுக்காரர்கள் தேயிலைக்கும் ரப்பருக்கும் ஊடுபயிராகக் கோகா வளர்த்தார்கள். 1870-களில் போகோர் தாவரத் தோட்டத்துக்கு வந்த செடியிலிருந்து அது பரவியது. 1900-இல் ஆம்ஸ்டர்டாமில் கொகெய்ன் ஆலை எழுந்தது. 1920-இல் ஜாவா ஏற்றுமதி செய்த கோகா இலை 1,600 டன்னைத் தாண்டியது. கோகா என்றதும் தென் அமெரிக்க மலைகளை நினைக்கிறோம். அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் பெரிய அளவில் இலை அனுப்பியது நம் பக்கத்துத் தீவு. இலங்கையிலும் சிறிய அளவில் பயிரிட்டார்கள்.

மருந்துக்கடை வழியே இந்தியாவுக்கு வந்த கொகெய்ன், வங்காளத்திலும் வட இந்திய நகரங்களிலும் வெற்றிலைக்குள் புகுந்தது. 1900-களின் தொடக்கத்திலேயே கட்டுப்பாடுகள் வந்தும் கடத்தல் நிற்கவில்லை. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ராம்நாத் சோப்ரா 1931-இல் இந்தப் பழக்கத்தைப் பற்றி விரிவான ஆய்வு வெளியிட்டார். வெற்றிலையோடு ஏன்? சுண்ணாம்பு இருப்பதால். காரத்தன்மை கூடும்போது கொகெய்ன் வாயின் சவ்வுக்குள் விரைந்து ஊடுருவும். ஆண்டிஸ் மலை மக்கள் கோகா இலையைச் சாம்பலோ சுண்ணாம்போ சேர்த்து மெல்வதும் இதற்காகவே. இங்கிலாந்தின் மாஃபெட் என்ற மருத்துவர் 1940-களில் மூக்கு அறுவைக்காக உருவாக்கிய கரைசலில் கொகெய்னோடும் அட்ரினலினோடும் சோடியம் பைகார்பனேட்டும் சேர்ந்திருப்பதற்கு இதே வேதியியல் காரணம். வெற்றிலைக்காரரும் மருத்துவரும் தனித்தனியே ஒரே உண்மைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கான தேடலில் எனக்குக் கிடைத்தவற்றுள் மிகவும் வியப்பளித்தது இது.

1912-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் கொகெய்னைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. 1961-இன் ஐக்கிய நாடுகள் ஒப்பந்தம் அதை முதல் அட்டவணையில் வைத்தது. ஆனால் இரண்டு ஒப்பந்தங்களும் மருத்துவத்துக்கு இடம் விட்டன. மலேசியச் சட்டமும் பதிவுபெற்ற மருத்துவரின் தொழில் தேவைக்கு இடம் விடுகிறது. பூட்டிய அலமாரி, பதிவேடு, கணக்கு என்ற காவலோடு.

வேதியியலாளர்கள் இதற்கிடையே கொகெய்னின் இரண்டு வேலைகளையும் பிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஆல்ஃபிரட் ஐன்ஹோர்ன் உருவாக்கிய புரோக்கேன், நோவோக்கேன் என்ற பெயரில் 1905-இல் புழக்கத்துக்கு வந்தது. மரக்கச் செய்யும், குழாயைச் சுருக்காது, பழக்கத்துக்கு அடிமையாக்காது. சுருக்கும் வேலையை அட்ரினலினிடம் ஒப்படைக்கலாம் என்று ஹைன்ரிஷ் பிரவுன் காட்டினார். சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரன் 1943-இல் உருவாக்கிய லிக்னோகைன் 1948-இல் சந்தைக்கு வந்தது. பல் பிடுங்க கிளினிக்குக்குப் போகும்போது ஈறில் ஏற்றுவது பெரும்பாலும் இந்த லிக்னோகைன்தான். 80,000-க்கு ஒரு பங்கு என்ற அளவில் அட்ரினலின் கலந்திருக்கும். பல் ஊசியில் கொகெய்ன் இருக்கிறது என்று நம்மவர்கள் சிலர் சொல்வது தவறு. ஊசிக்குப் பின் நெஞ்சு படபடப்பது அந்த அட்ரினலினால். உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் லிக்னோகைன் இருக்கிறது, கொகெய்ன் இல்லை.

மிஞ்சியது மூக்கு. அங்கும் கொகெய்னின் பிடி தளர்ந்துவருகிறது. ஆனாலும் சில காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள். ஆகவே அளவைப் பற்றிப் பேச வேண்டும். எச்சரிக்கையான வழிகாட்டல்கள் உடல் எடையில் கிலோவுக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. 3 மில்லிகிராம் வரை ஏற்கும் பழைய கணக்கும் உண்டு. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு முதல் கணக்கின்படி 90 மில்லிகிராம். 4 விழுக்காட்டுக் கரைசலில் அது இரண்டேகால் மில்லிலிட்டர். 10 விழுக்காட்டுக் கரைசலில் ஒரு மில்லிலிட்டர்கூட இல்லை. இரண்டு பாட்டில்களில் எது கையில் வந்தது என்பதைச் சரியாகப் பார்க்காவிட்டால் அளவு இரண்டரை மடங்காகிவிடும். மூக்கில் வைத்த கொகெய்ன் இரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில். எல்லாம் நன்றாகப் போகிறது என்று நினைக்கும் நேரத்தில்தான் அது வருகிறது.

அளவு சரியாகவே இருந்தாலும் இதயத் தமனி சுருங்குமா? டெக்சாஸ் மாநிலம் டாலஸில் ரிச்சர்ட் லாங்கும் குழுவினரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. இதயக் குழாய்ப் பரிசோதனைக்கு வந்த 45 பேரிடம் அவர்கள் ஆராய்ந்தார்கள். மூக்கில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் கொகெய்ன், அதாவது மருத்துவர்கள் வழக்கமாகக் கொடுக்கும் அளவு. இதயத் தமனிகளின் விட்டம் 8 முதல் 12 விழுக்காடு வரை குறைந்தது. இதயத்துக்கு ஓடும் இரத்தம் குறைந்தது. இதயத்தின் வேலைச்சுமையோ கூடியது. ஆரோக்கியமான தமனி அதைத் தாங்கும். ஏற்கெனவே பாதி அடைபட்ட தமனி? அதே குழு 1990-இல் அடுத்த ஆய்வை வெளியிட்டது: இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் என்ற பீட்டா தடுப்பு மருந்து உடலில் இருந்தால் அந்தச் சுருக்கம் இன்னும் இறுகுகிறது.

காப்பாரில், கிள்ளானில், பிரிக்ஃபீல்ட்ஸில் வாழும் இந்திய வம்சாவளியினருக்கு இது ஏட்டுச் செய்தி இல்லை. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு; மற்ற இனங்களைவிட இதுவே அதிகம். நீரிழிவுக்காரருக்கு இதயத் தமனி அடைப்பு நெஞ்சுவலியே இல்லாமல் வளரக்கூடும். சுகாதார கிளினிக்கில் அட்டினலால், பிசோப்ரலால், மெட்டோப்ரலால் என்று மாதாமாதம் மாத்திரை வாங்குகிறவர்கள் நம் வீடுகளில் ஏராளம். பிரஷர் மாத்திரை என்பதே அவர்கள் அறிந்த பெயர். மூக்கு அறுவைக்குப் போகும்போது "வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "பிரஷருக்கு மட்டும்தான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். மாத்திரை அட்டையிலிருக்கும் பெயரை மருத்துவர் படிக்க வேண்டும்; பையில் எடுத்துப் போவது ஒன்றும் சிரமமில்லை. மனச்சோர்வுக்கு மருந்து எடுப்பவர்களும் அதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுள் சில நோரட்ரினலினைத் தாமே தேக்குபவை.

இன்னொரு ஆபத்து இரத்தத்திலேயே பிறப்போடு வருவது. கொகெய்னை உடைத்து அகற்றும் நொதிகளில் ஒன்று பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். அது இல்லாதவர் உலகில் மிக அரிது, ஏறத்தாழ லட்சத்தில் ஒருவர். ஆனால் கோயம்புத்தூரில் வைசிய சமூகத்தாரிடம் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து செய்த ஆய்வில், 100-க்கு ஏறத்தாழ 4 பேரிடம் இந்த நொதி செயலற்றிருந்தது. 2006-இல் அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தையும் அவர்கள் கண்டார்கள். உறவுக்குள்ளேயே மணம் முடிக்கும் வழக்கத்தில் அது தலைமுறை தலைமுறையாகக் கூடியிருக்கிறது. இப்படிப்பட்டவருக்குப் பாதுகாப்பான அளவு என்று மருத்துவர் கணக்கிட்ட கொகெய்ன் உடலில் நெடுநேரம் தங்கும். மயக்க மருத்துவர்கள் தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சமெத்தோனியமும் அவர்களுக்கு நெடுநேரம் நீடித்து, மூச்சுக்கு இயந்திரம் தேவையாகிவிடும். குடும்பத்தில் எவருக்காவது அறுவைக்குப் பின் மூச்சு திரும்பத் தாமதமானது என்ற பேச்சு இருந்தால், அது வீட்டோடு நின்றுவிடக் கூடாத செய்தி.

மலேசிய நோயாளிக்குச் சொல்ல வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்றும் உண்டு. மருத்துவமனையில் கொகெய்ன் வைத்துச் சிகிச்சை செய்துகொண்டவரின் சிறுநீரில் அதன் சிதைபொருளான பென்சாயில்எக்கோனின் சில நாள் இருக்கும். அந்த நாட்களில் வேலையிடத்திலோ வேறெங்கோ கொகெய்னையும் தேடும் சிறுநீர்ச் சோதனை நடந்தால் கொகெய்ன் இருப்பதாகவே முடிவு வரும். மருந்தின் பெயரும் தேதியும் எழுதிய மருத்துவரின் கடிதத்தை வாங்கி வைத்திருக்க வேண்டும். பல் ஊசியால் இந்தத் தொல்லை இல்லை; லிக்னோகைன் உடைந்து அந்தப் பொருளாக மாறுவதில்லை.

லிக்னோகைனோடு அட்ரினலினோ ஆக்சிமெட்டசோலினோ சேர்த்து மூக்கில் வைத்துக் கொகெய்னோடு ஒப்பிட்ட ஆய்வுகள் பல வந்துள்ளன. இரத்தக் கசிவிலும் வலியிலும் பெரும்பாலானவற்றில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அட்ரினலினும் இதயத்தைத் துரிதப்படுத்தும் என்பது உண்மையே. ஆனால் மரப்பும் சுருக்கமும் இரண்டு தனி மருந்துகளாக இருக்கும்போது, நோயாளிக்கு ஏற்பச் சுருக்கும் மருந்தை மட்டும் குறைக்கலாம், தேவையானால் விலக்கவும் செய்யலாம். கொகெய்னில் அந்தத் தேர்வே இல்லை. மரப்பு வேண்டுமானால் சுருக்கத்தையும் வாங்கிக்கொள்ள வேண்டும். 2019 ஆய்வில் பெரியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நீரிழிவு காணப்பட்ட சமூகத்தில், அறுவைக்கு முன் அந்தத் தேர்வு மருத்துவர் கையில் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. நீரிழிவோ இரத்த அழுத்தமோ உள்ளவரின் மூக்கில் கொகெய்ன் பஞ்சு வைக்கும் முன் இதயத்தின் ஈசிஜி பார்த்தார்களா, பீட்டா தடுப்பு மாத்திரை எது என்று கேட்டார்களா என்பதை நோயாளியின் பிள்ளைகள் கூச்சமில்லாமல் கேட்கலாம்.